டிஎஸ்குவெரி 100 கணக்கோடு நிற்பது பற்றி

விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரியில் (நிறுவனத்தின் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் சேவை) 12 வாரமாக உள்நுழையாத கணக்குகளை டிஎஸ்குவெரி (dsquery, தேடும் கட்டளை) மூலம் எடுத்து, முடக்குவதற்காக டிஎஸ்மாடுக்கு (dsmod, மாற்றும் கட்டளை) அனுப்பினால் 100 மட்டும் முடங்குகிறது என்கிறீர்கள். உங்கள் கட்டளை சரிதான். டிஎஸ்குவெரி இயல்பாகவே 100 முடிவுகளோடு நிறுத்திவிடும். அதில் '-லிமிட் 0' (-limit 0) சேருங்கள், எல்லாம் வரும். டிஎஸ்மாடில் '-சி' (-c) போடுங்கள், இல்லையேல் முதல் பிழையிலேயே நின்றுவிடும்.

ஆனால் உடனே ஓட்டிவிடாதீர்கள். பட்டியலை முதலில் ஒரு கோப்பில் எடுத்து, சர்வீஸ் கணக்குகள் (ஆட்கள் அல்ல, மென்பொருள்கள் பயன்படுத்தும் கணக்குகள்) சிக்கியிருக்கின்றனவா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். தவறாக முடக்கியதைத் திரும்பத் திறக்கவும் அந்தக் கோப்பு வேண்டும். இன்னொன்று: உள்நுழையாதவர்களைத் தேடும் '-இனாக்டிவ்' (-inactive) பார்க்கும் கடைசி உள்நுழைவு நேரம் 14 நாள் வரை பழையதாக இருக்கலாம். 12 வாரத்துக்குப் பாதகமில்லை. 1 வாரம் என்று குறைத்தால் நேற்று வேலை பார்த்தவரும் மாட்டிக்கொள்வார்.