கிம்ப்பில் இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள கோணம்

கிம்ப் (படங்களைத் திருத்தும் மென்பொருள்) கொண்டு படத்தில் சந்திக்கும் இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள கோணத்தை எப்படி அளப்பது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் ஒவ்வொரு கோட்டையும் தனியாக அளந்து 35, 50 டிகிரி என்று எடுத்து, கழித்து 15 டிகிரி என்கிறீர்கள். படத்தில் பார்த்தாலே விரிகோணம், இல்லையா? கிடைமட்டத்திலிருந்து அளக்கும்படி வைத்திருந்தால், ஒற்றைக் கோட்டுக்கு கிம்ப் காட்டுவது அதிலிருந்து எவ்வளவு சாய்வு என்பதை மட்டும்தான், அதுவும் 90க்குள். இடப்பக்கம் சாய்ந்ததா, வலப்பக்கமா என்று அந்த எண் சொல்லாது. உங்கள் படத்தில் ஒன்று வலப்பக்கம், மற்றது இடப்பக்கம் ஏறுகிறது. ஆக 180 - 35 - 50 = 95.

கணக்கே வேண்டாம் என்றால், அளவுக் கருவியில் (ஷிஃப்ட்+எம்) முதல் கோட்டின் நுனியிலிருந்து இரு கோடுகளும் சந்திக்கும் புள்ளி வரை இழுங்கள். அப்புறம் ஷிஃப்ட்டை அழுத்தியபடி அதே புள்ளியிலிருந்து இரண்டாவது கோட்டின் மேல் இழுங்கள். இடைக்கோணம் கீழே நிலைப்பட்டையில் வரும்.

நன்றாகப் பெரிதாக்கிக்கொண்டு, கோட்டின் முழு நீளத்துக்கும் இழுங்கள். 50 பிக்சல் நீளத்தில் ஒரு பிக்சல் தவறினாலே ஒரு டிகிரிக்கு மேல் பிசகும்.