இருபது ஆண்டுகள் என்ன செய்தார்?

கேள்வி: துனிசியாவின் மூஃபிதா த்லத்லியை ‘அரபு உலகின் முதல் பெண் இயக்குநர்’ என்கிறார்கள். 46 வயதில் முதல் படம். மொத்தமே மூன்று படங்கள். இதற்கா இத்தனை கொண்டாட்டம்?

பதில்: ‘முதல் பெண்’ பட்டத்தை நானும் ஏற்கமாட்டேன். துனிசியாவிலேயே சல்மா பக்கார் 1975இல் ‘ஃபாத்மா 75’ என்ற படத்தை எடுத்துவிட்டார். அரசுதான் அதைப் பல ஆண்டுகள் திரையிட விடவில்லை.

ஆனால் வயதைக் காட்டி மட்டம்தட்டுகிறீர்களே, அது சரியில்லை. பாரிஸ் திரைப்படப் பள்ளியில் 1968இல் படிப்பை முடித்து, பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வேலை பார்த்து, 1972இல் ஊர் திரும்பியவர் அவர். பிறகு சுமார் இருபது ஆண்டுகள் படத்தொகுப்பாளர். அல்ஜீரியாவின் மெர்ஸாக் அலுவாஷ், பாலஸ்தீனரான மிஷேல் க்லைஃபி, துனிசியாவின் ஃபெரித் பூகெதிர் என்று அரபு சினிமா பெருமையோடு சொல்லிக்கொள்ளும் இயக்குநர்களின் படங்கள் அவர் மேசையில்தான் உருப்பெற்றன. இயக்குநரின் பெயரை மட்டும் படிக்கிற நமக்கு அது கணக்கிலேயே வராது.

1994இல் வந்த ‘மாளிகையின் மௌனங்கள்’ படத்தைப் பாருங்கள். நோயுற்ற தன் தாய் பேச்சிழந்துபோனது அவரை இந்தக் கதைக்குக் கொண்டுவந்தது. பிரெஞ்சு ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் அரச குடும்பத்து மாளிகையொன்றில் பணிப்பெண்ணாக இருக்கிறாள் கதீஜா. தகப்பன் யாரென்று சொல்லப்படாமல் வளரும் அவள் மகள் ஆலியா. மேலே விருந்தினர் நடுவில் மகள் தடைசெய்யப்பட்ட தேசியப் பாடலைப் பாடுகிறாள். கீழே கருவைக் கலைக்க முயன்ற தாய் இரத்தம் வடிந்து சாகிறாள். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார். (முடிவைச் சொல்லிவிட்டேன் என்று கோபிக்காதீர்கள், படம் வந்து முப்பது ஆண்டுகளாகின்றன.) எந்த இடத்தில் பாட்டை விட்டு அலறலுக்குப் போவது என்பது மேசையில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்த கைக்கே தெரியும். படத்துக்குக் கான் திரைப்பட விழாவில் சிறப்புப் பாராட்டும், துனிசியாவின் கார்த்தேஜ் திரைப்பட விழாவில் அதன் உயரிய விருதான தங்கத் தானித்தும் கிடைத்தன. இளம் ஆலியாவாக நடித்த ஹிந்த் சப்ரி இன்று அரபுத் திரையின் பெரிய நட்சத்திரம்.

2000இல் வந்த ‘ஆண்களின் பருவம்’ துனிசியாவின் ஜெர்பா தீவில் நடக்கும் கதை. தலைநகரில் பிழைக்கும் கணவர்கள் ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டும் வீடு வருவார்கள். மற்ற நாளெல்லாம் மாமியார் ஆட்சி. 2004இல் வந்த மூன்றாவது படம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. துனிசியாவின் 2011 புரட்சிக்குப் பின் த்லத்லி சில நாட்கள் பண்பாட்டு அமைச்சராகவும் இருந்தார். அதைச் சாதனைப் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை. 2021இல் காலமானார்.

முதல் படத்தை மட்டுமாவது பார்த்துவிட்டு மறுபடி கேளுங்கள், பதில் எழுதுகிறேன்.