'ஈஸி'க்குப் பின்னால் 'தட்' வராது

மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் போவது சுலபம் என்பதை ஆங்கிலத்தில் 'இட் இஸ் ஈஸி டு கோ டு மேலூர் ஃப்ரம் மாட்டுத்தாவணி' என்று எழுதுங்கள். யார் போவது என்று சொல்ல வேண்டுமானால் 'டு கோ'வுக்கு முன்னால் 'ஃபார் அஸ்' சேருங்கள். நீங்கள் எழுதிய 'இட் இஸ் ஈஸி தட் வீ கோ'வைக் கோச்சிங் சென்டரில் சிவப்பு மையால் அடித்தது நியாயம்தான்.

'இட் இஸ் சர்ட்டன் தட் தி பஸ் வில் கம்' மட்டும் எப்படிச் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். 'பஸ் வருவது நிச்சயம்', 'மேலூர் போவது சுலபம்': நமக்கு இரண்டுக்கும் ஒரே 'வது' போதும். குழப்பம் அங்கேதான் புகுந்திருக்கும்.

எழுதும் முன் ஒன்று பாருங்கள். 'இட் இஸ்'ஸுக்குப் பின்னால் வரும் சொல் ஒரு செய்தியைப் பற்றியா, ஒரு வேலையைப் பற்றியா? சர்ட்டன், ட்ரூ, கிளியர், லைக்லி, ஸ்ட்ரேஞ்ச் எல்லாம் செய்தியைப் பற்றிச் சொல்பவை, 'தட்' வரும். ஈஸி, டிஃபிகல்ட், ஹார்ட் வேலையின் சிரமத்தைச் சொல்பவை, 'டு'தான்.

'பாசிபிள்' இரண்டு பக்கமும் போகும், பொருள்தான் மாறும். 'இட் இஸ் பாசிபிள் தட் தி பஸ் இஸ் லேட்' என்றால் பஸ் லேட்டாக இருக்கலாம். 'இட் இஸ் பாசிபிள் டு கோ' என்றால் போக முடியும். 'இம்பார்ட்டன்ட்'டும் இரண்டையும் ஏற்கும்.

வம்பு பிடித்தது 'ஷ்யூர்'. 'ஐ ஆம் ஷ்யூர் தட்' சரி, 'இட் இஸ் ஷ்யூர் தட்' வேண்டாம். பரீட்சையில் பேசாமல் 'சர்ட்டன்' போட்டுவிடுங்கள்.