பனிக்காலப் பறவைகளும் பாரமான மனசும்: கேள்வி பதில்

செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிறேன். பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பறவை பார்க்க ஆரம்பித்துப் பதினான்கு வருடம் ஆகிறது. வடகிழக்கு மழை ஓய்ந்து பனி இறங்கும் இந்த மாதங்களில், வலசை வரும் பறவைகளைப் பற்றி எல்லோரும் என்னிடம் கேட்பது வழக்கம். இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதி, தூக்கம் வரவில்லை, மனசு நிலைகொள்ளவில்லை என்றுதான் தொடங்கின. அவற்றுக்கே இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, அக்டோபரில் வேலை போய்விட்டது. காலையில் கண் விழித்ததும் நெஞ்சு படபடக்கிறது. பறவை பார், நல்லது என்று நண்பன் சொல்கிறான். எனக்கு ஒரு பறவையின் பேரும் தெரியாது. எங்கே ஆரம்பிப்பது? (வேளச்சேரி)

பேர் தெரியாமலே ஆரம்பிக்கலாம் தம்பி. படபடப்பு காலையில் வருகிறது என்கிறீர்கள். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதும் அதே நேரத்தில்தான். ஆறரை மணிக்கு மொட்டை மாடிக்குப் போங்கள். போன் சட்டைப்பையில் இருக்கட்டும். கண்ணில் படுகிற முதல் பறவையை மட்டும் இருபது நிமிடம் பாருங்கள். அநேகமாக ஒயரில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானாக இருக்கும், வால் இரண்டாகப் பிளந்த கறுப்புப் பறவை. பறந்து போய் ஒரு பூச்சியைப் பிடிக்கும், திரும்பி அதே இடத்தில் உட்காரும். எத்தனை தடவை போகிறது, எத்தனை தடவை வெறும் வாயோடு திரும்புகிறது என்று எண்ணுங்கள். முதல் வாரத்துக்கு இது போதும்.

இரண்டாவது வாரம் பள்ளிக்கரணைக்குப் போங்கள், உங்களுக்குப் பக்கம்தான். 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த சதுப்பு நிலம் அது. ரேடியல் ரோட்டில் ஓரமாக நின்றாலே தெரியும். மார்கழி, தை மாதங்களில் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம் இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரையும். நீங்கள் தட்டைவாயனைத் தேடுங்கள். அலகு கரண்டி மாதிரி அகலமாக இருக்கும். சில நேரம் நாலைந்து சேர்ந்து, ஒன்றின் வாலை ஒன்று ஒட்டியபடி தண்ணீரில் வட்டமாகச் சுற்றும். முன்னே போவது கலக்கிவிட்ட தண்ணீரில் மேலே வரும் இரையைப் பின்னால் வருவது அலகால் வடிகட்டிச் சாப்பிடும். நான் முதன்முதலில் அதைப் பார்த்த அன்று முக்கால் மணி நேரம் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

வேலை தேடுவதை ஒன்பது மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மணி நேரம் உங்களுடையது.

பைனாகுலர் கட்டாயமா? (ஈரோடு)

முதல் மாதம் வேண்டாம். பிறகும் ஆசை நிலைத்திருந்தால் 8×42 வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் கூடவே பெரிதாகத் தெரியும். வாங்குவதற்கு முன்னால் யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்கிப் பாருங்கள்.

மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். ஒன்றரை வருடமாக நான் தெருமுனை தாண்டியதில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அது பறவை பார்ப்பதில் சேருமா அக்கா? (திருச்சி)

சேரும் அம்மா. நான் ஆரம்பித்ததே ஜன்னலில்தான். என் வீட்டுக்காரருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் நான் வெளியே காத்திருப்பேன். அந்த மாடி நடைபாதையில் ஒரு ஜன்னல் உண்டு. அதற்கு வெளியே ஒரு காலி மனை, கொஞ்சம் முள்செடி, தொய்ந்து கிடக்கும் கேபிள் ஒயர். அந்த ஒயரில் தினமும் ஒரு பழுப்புக் குருவி உட்கார்ந்திருக்கும். கண்மையை இழுத்துவிட்ட மாதிரி கண்ணோரம் அகலமாக ஒரு கறுப்புப் பட்டை. வாலை மெல்ல ஆட்டிக்கொண்டே தரையைப் பார்க்கும், சட்டென்று இறங்கி ஒரு வெட்டுக்கிளியோடு மேலே வரும். அது பழுப்புக் கீச்சான் என்பதும், சைபீரியா, மங்கோலியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டுப் பனிக்காலத்துக்கு இங்கே வருவது என்பதும் ரொம்பப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எடை சுமார் முப்பது கிராம்.

அதைப் பார்த்ததால் கிரியேட்டினின் எண், அதாவது சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எண், மறந்துபோனது என்று சொல்ல மாட்டேன். நான்கு மணி நேரமும் அதே எண்ணை நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, நடுநடுவே பத்துப் பத்து நிமிடம் ஓய்வு கிடைத்தது. அந்தக் குருவிக்கு நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மருந்து கொடுக்க வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம். நாள் முழுக்க இன்னொருவருக்காக ஓடுகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது உங்களுக்கே தெரியும்.

உங்களுக்குக் கண்ணைவிடக் காது உதவும். சமையல் செய்யும்போதே கேட்கலாம். இந்த மாதங்களில் செடி, புதருக்குள்ளிருந்து 'டக்... டக்...' என்று இரண்டு கூழாங்கல்லைத் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தால் அது நாணல் கதிர்க்குருவி. வடக்கே இருந்து வந்து ஏப்ரல் வரை தங்கும். வெளியே தலைகாட்டுவது அபூர்வம், சத்தத்தை வைத்தே உறவு கொண்டாட வேண்டியதுதான். மெர்லின் என்ற செயலியை ஜன்னலோரம் பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்தப் பறவை கூப்பிடுகிறது என்று ஓரளவு சொல்லிவிடும், காசு கிடையாது. ஜன்னல் பக்கம் ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள், தினமும் மாற்றுங்கள்.

அப்புறம் ஒன்று. முடிந்தால் மாமியாரின் கட்டிலை ஜன்னல் தெரிகிற மாதிரி திருப்பிப் போடுங்கள். செம்போத்து, தவிட்டுக்குருவி, மாங்குயில் என்று நமக்குத் தெரியாத ஊர்ப்பேர்களோடு அந்தத் தலைமுறைக்கு நிறையத் தெரியும். அவரிடம் கேளுங்கள்.

நேற்று சாயங்காலம் பச்சை, நீலம், சிவப்பு என்று பல நிறத்தில் வால் குட்டையான ஒரு பறவை வீட்டுக்குள் வந்து மூலையில் ஒடுங்கிவிட்டது. இது என்ன? என்ன செய்ய வேண்டும்? (கடலூர்)

ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, இரவில் பறந்து தெற்கே வரும். பறந்த களைப்பில் வீடுகளுக்குள் வந்து விழுவது நடக்கிற விஷயம்தான். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் மெதுவாக வைத்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். சோறு வேண்டாம், குழந்தைகள் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம். காயம் இல்லை, தெளிந்துவிட்டது என்றால் புதரும் சருகும் உள்ள இடத்தில், பூனை இல்லாத பக்கமாகப் பார்த்து விடுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பக்கத்துத் தோட்டத்திலேயே தங்கினால் விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை கேட்கும். கிட்டத்தட்ட ஆறு மணிக்கு. பேரே அதனால்தான்.

இதெல்லாம் கொஞ்ச நேரம் கவனத்தைத் திருப்புவதுதானே? உண்மையில் பலன் உண்டா? (மதுரை, செவிலியர்)

நியாயமான கேள்வி. 2022இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சுமார் 1,300 பேர் கைபேசிச் செயலி வழியாக, இப்போது பறவை கண்ணில் படுகிறதா, குரல் கேட்கிறதா, மனநிலை எப்படி இருக்கிறது என்று ஒரு நாளில் பல தடவை பதிவு செய்தார்கள். பறவை தென்பட்ட நேரங்களில் மனநிலை மேம்பட்டிருந்தது, அந்த மாற்றம் சில மணி நேரம் நீடித்தது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடமும் அப்படியே.

ஆனால் இது மருந்துக்குப் பதில் இல்லை. வாரக்கணக்கில் தூக்கம், பசி இல்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், பறவைக்காகக் காத்திருக்காதீர்கள். டாக்டரைப் பாருங்கள், அல்லது 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை அது, தமிழிலும் பேசலாம். நானே ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். பறவையும் பார்த்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். பொதுத்தேர்வு பயம். பறவை பார்த்தால் நேரம் வீணாகிறது என்று அப்பா திட்டுகிறார். (தர்மபுரி)

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் மட்டும் எடுத்துக்கொள் கண்ணு, அதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும், பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கும் கணக்கெடுப்பிலும் கேட்பதே அந்தப் பதினைந்து நிமிடம்தான். அப்பாவையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போ. வயலுக்கு மேலே பறந்தபடி குட்டிக்கரணம் போடும் பனங்காடையை அவருக்குக் காட்டு.

மற்றவர்கள் ஒரே நாளில் எண்பது, நூறு இனம் பார்க்கிறார்கள். என் பட்டியல் முப்பதைத் தாண்டவில்லை. நிம்மதிக்காக வந்த இடத்திலும் பதற்றமாக இருக்கிறது. (கோவை)

இது எனக்கும் நடந்தது. மூன்றாவது வருடம் பட்டியல் நீளமாக வேண்டும் என்று விடியற்காலை மூன்று மணிக்குக் காரில் கிளம்பினேன். ஒரே நாளில் நான்கு ஏரி. எல்லாவற்றையும் பார்த்தேன், சாயங்காலம் ஒன்றும் ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்ததும் தலைவலி.

ஒரு பனிக்காலம் முழுக்க ஒரே குளத்துக்குப் போய்ப் பாருங்கள். கரையில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் உள்ளானுக்குத் தன் எல்லை எதுவரை என்பது தெரியும், இன்னொன்று வந்தால் விரட்டும். சேற்றுப் பூனைப்பருந்து எந்தப் பக்கமிருந்து தாழ்வாக வரும், அது வந்தால் எந்த வாத்துக் கூட்டம் முதலில் எழும்பும் என்று உங்களுக்கே தெரிய வரும். முப்பது இனம் இதற்குத் தாராளம். பறவை பார்ப்பவர்களின் போன் குழுச் செய்திகளை மார்ச் வரை மௌனத்தில் போட்டுவிடுங்கள்.

வரித்தலை வாத்தை எங்கே பார்க்கலாம்? (விருதுநகர்)

கூந்தன்குளம், நாங்குநேரிக்குப் பக்கம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். திபெத், மங்கோலியா ஏரிகளிலிருந்து இமயமலையைத் தாண்டி வருபவை. மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே வீட்டு மரங்களில் கூடு கட்டும், மக்கள் விரட்டுவதில்லை. படத்துக்காகக் கல் எறிந்து பறக்கவிடாதீர்கள்.

எங்கள் ஏரியில் பாதியைக் குப்பை கொட்டி மூடிவிட்டார்கள். போய்ப் பார்த்தால் துக்கம்தான் அதிகமாகிறது. (தாம்பரம் பக்கம்)

அந்தத் துக்கம் சரியானதுதான். அதை மறைக்கும் யோசனை எதுவும் என்னிடம் இல்லை. நான் செய்வதைச் சொல்கிறேன். மாதம் ஒரு முறை அதே கரையில் நின்று எண்ணி, தேதியோடு ஈபேர்டில், அதாவது பறவைக் கணக்கைப் பதியும் இணையதளத்தில், பதிகிறேன். 'இங்கே பறவையே வராது' என்று ஒருவர் சொல்லும்போது காட்டுவதற்கு அந்த எண்ணிக்கை வேண்டும். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடி சரணாலயப் பறவைகள் மிரளக் கூடாது என்று மக்கள் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. மனசு விட்டுப்போகும் நாளில் நான் அவர்களை நினைத்துக்கொள்வேன். குப்பையைப் பார்க்கத் தாங்காத வாரம் போகாதீர்கள், அதில் தப்பில்லை.

அப்பா போன கார்த்திகையில் தவறிவிட்டார். மூன்று மாதமாகத் தினமும் கண்மாய்க்குப் போகிறேன், அதனால்தான் தாக்குப்பிடித்தேன். பங்குனியில் எல்லாம் கிளம்பிவிடும் என்கிறார்கள். அதற்கப்புறம்? (சிவகங்கை)

எல்லாம் ஒரே நாளில் போகாது. வாத்துகள் முதலில் குறையும், கதிர்க்குருவியும் கீச்சானும் ஏப்ரலில் கிளம்பும். அதற்குள் குயில் கூவ ஆரம்பித்திருக்கும், செம்மார்புக் குக்குறுவான் வெயிலில் நாள் முழுக்க டொக் டொக் என்று தட்டுகிற மாதிரி கூவிக்கொண்டிருக்கும். நடையை நிறுத்தாதீர்கள்.

என் வீட்டுக்காரர் ஒரு சித்திரையில் போனார். அந்தப் புரட்டாசிக் கடைசியில், அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போக எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் பஸ் ஏறினேன். காலில் வளையம் போட்டுப் பார்த்தவர்கள், கீச்சான்கள் வருடா வருடம் அதே இடத்துக்குத் திரும்புவதைக் கண்டிருக்கிறார்கள். அதே பறவைதானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. காலி மனைக்கு மேலே அந்த ஒயரில் ஒன்று உட்கார்ந்து, வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. இருட்டும் வரை அங்கேயே நின்றேன்.

கடைசியாக எந்தத் தேதியில் எதைப் பார்த்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். புரட்டாசியில் அதை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போங்கள்.