பல் திரும்பிய ரம்பம்

அன்புள்ள ஐயா,

எனக்குக் கல்லிடைக்குறிச்சி. தாத்தா ஆசாரி. மச்சில் கிடந்த அவர் பெட்டியில் ஒரு கைரம்பம் இருந்தது. முழுக்கத் துரு. தகட்டில் ‘ஷெஃபீல்டு’ என்பது மட்டும் மங்கலாகத் தெரிகிறது. பற்களெல்லாம் கைப்பிடியைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. கைப்பிடி ஏதோ நாட்டு மரம். பழம்பொருள் வாங்குகிறவர் ஒருவர், “பல் தப்பா இருக்கு. திருப்பி வெட்டி, பாலிஷ் போட்டா நல்ல விலைக்குப் போகும்” என்கிறார். செய்யலாமா?

ம.

அன்புள்ள ம.,

பல்லில் கை வைக்க விடாதீர்கள். அது தப்பும் இல்லை.

இங்கிலாந்து ஊரான ஷெஃபீல்டின் கைரம்பம் தள்ளும்போது அறுப்பது. அங்குள்ள தச்சர் மேசையிலோ முக்காலியிலோ மரத்தை வைத்து, நின்றபடி உடம்பின் பாரத்தைக் கொடுத்துத் தள்ளுவார். நம் பழைய ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் அழுத்திக்கொண்டு, ரம்பத்தைத் தம் பக்கம் இழுத்து அறுத்தவர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து தள்ள பலம் வராது, இழுக்க வரும். இழுக்கும்போது தகடும் நெளியாமல் விறைத்து நிற்கும். சீமை ரம்பம் கைக்கு வந்ததும் உங்கள் தாத்தாவோ அவருக்கு முந்தியவரோ பழைய பல்லை அராவித் தள்ளிவிட்டு, தமக்குத் தோதாகப் புதுப்பல் வெட்டியிருக்கிறார் என்பது என் ஊகம். லேசான வேலை இல்லை. 26 அங்குலத் தகட்டில் அங்குலத்துக்கு 6 பல் என்றால்கூட 150-க்கு மேல் வரும். ஒவ்வொன்றும் முக்கோண அரத்தால், கையால்.

கைப்பிடியும் மாறியிருக்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. கைப்பிடியைப் பதமாகக் கழற்றுங்கள். அதற்கு அடியில் தகட்டில் இப்போதைய ஆணிக்குப் பொருந்தாத ஓட்டைகள் இருந்தால், அவை பழைய பித்தளைத் திருகுகள் இருந்த இடம். சீமைக் கைப்பிடி உடைந்தோ பிடிக்காமலோ போய், பூவரசிலோ வேங்கையிலோ நம்மூரில் செதுக்கிப் போட்டது இது என்று அப்புறம் தைரியமாகச் சொல்லலாம்.

தகடு அருமையானதாகவே இருக்கும். 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில், அதாவது மண்கலத்தில், எஃகு உருக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு முன்பே கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டு வெட்டுக் கருவிகளுக்கு உலகப் பேர் வாங்கியது. (பழங்காலத்திலேயே இரும்பும் எஃகும் உருக்கிய நம் கொடுமணலை விட்டுவிட்டீர்களே என்று நாளைக்கே நாலு கடிதம் வரும். விடவில்லை, அதற்குத் தனியாக எழுத வேண்டும்.)

சரி, துரு. கம்பி பிரஷ் மாட்டிய கிரைண்டரைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். ஷெஃபீல்டு என்ற அந்த எழுத்து அமிலத்தால் மேலாக அரிக்கப்பட்டதாக இருந்தால், ஒரே இழுப்பில் போய்விடும். மண்ணெண்ணெய் தடவி ஒரு ராத்திரி விடுங்கள். சவர பிளேடைத் தகட்டோடு படியவைத்துச் சுரண்டினால் துரு செதில் செதிலாக வரும். மிச்சத்துக்கு 320-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரை மரக்கட்டையில் சுற்றி, எண்ணெய் விட்டுத் தேயுங்கள். எழுத்துள்ள இடத்தில் இன்னும் மெல்லியது. கறுப்பு போகாவிட்டால் இருக்கட்டும். பளபளப்பு வேண்டுமென்றால் கடையில் புதுசு கிடைக்கிறது.

தீட்டும்போது தகட்டை இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே இறுக்கி, பல் மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள். அதிகம் நீட்டினால் அரம் கிறீச்சிடும், வெட்டும் சீராக விழாது. முதலில் தட்டை அரத்தைப் பல் நுனிகள் மேல் ஒருதரம் ஓட்டினால் ஒவ்வொரு நுனியிலும் ஒரு பொட்டு மின்னும். பிறகு முக்கோண அரத்தால் அந்த மினுக்கம் மறையும்வரைதான் அராவ வேண்டும், அதற்கு மேல் ஒரு இழுப்பும் கூடாது. பல்லின் சாய்வு தாத்தா விட்டபடியே இருக்கட்டும்.

கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் காயாது, அழுக்குதான் பிடிக்கும். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் தகட்டில் தையல் மெஷின் எண்ணெயை ஒரு கை பூசி, ஆணியில் மாட்டிவிடுங்கள். சாக்கில் சுற்றி வைத்தால் ஈரம் இழுத்து மறுபடியும் துருதான்.

விலை பெரிதாக வராது. பல்லை மாற்றிப் பாலிஷ் போட்டாலும் வராது. அந்தப் பழம்பொருள்காரர் உங்களிடம் வாங்குகிற விலையைத்தான் சொல்லியிருப்பார், விற்கிற விலையைக் கேட்டுப் பாருங்கள்.