நான்கு மணி நேரத் தூக்கம் போதுமா? – மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 25. ராயக்கோட்டை அருகே ஒரு கிராமத்திலிருந்து ஓசூரில் உள்ள தொழிற்சாலைக்கு வேலைக்குச் சென்று வருகிறேன். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். குரூப் 4 தேர்வுக்கும் படிக்கிறேன். படிக்க நேரம் வேண்டும் என்பதற்காகச் சில மாதங்களாக நான்கு மணி நேரம்தான் தூங்குகிறேன். படித்தது மனதில் நிற்பதில்லை, எரிச்சல் வருகிறது. நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் திரும்பும்போது ஒருமுறை கண் செருகிவிட்டது. பகலில் படுத்தாலும் தூக்கம் பிடிப்பதில்லை. தேர்வு முடியும்வரை இப்படியே சமாளிக்கலாமா? மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: தம்பி, உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் முதலில் விடை சொல்லிவிடுகிறேன். நான்கு மணி நேரத் தூக்கத்தை வைத்துக்கொண்டு தேர்வுவரை சமாளிக்க முடியாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை வாங்கவும் கூடாது. ஆனால் இந்த இரண்டையும்விட அவசரமான ஒன்றை, போகிற போக்கில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். பைக்கில் கண் செருகியதைத்தான் சொல்கிறேன்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் செயல்வேகமும், ரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 50 மில்லி கிராம் மது கலந்திருப்பவருடைய அளவுக்கு மந்தமாகிவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் நாட்டின் மோட்டார் வாகனச் சட்டமோ 30 மில்லி கிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. மதியம் எழுந்து, மாலையெல்லாம் படித்து, இரவு வேலை பார்த்து, காலை ஆறு மணிக்கு வண்டியைக் கிளப்பும்போது நீங்கள் அந்த 17 மணி நேரத்தை எட்டிவிடுகிறீர்கள். ஒரு சொட்டு மது அருந்தாமலேயே அந்த நிலையில் ராயக்கோட்டைச் சாலையில் லாரிகளுக்கு நடுவே வருகிறீர்கள். கண் செருகுவது இரண்டு மூன்று நொடிதான் என்றாலும், 50 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி முப்பது நாற்பது மீட்டர் ஓடியிருக்கும். ஆகவே நைட் ஷிப்ட் வாரத்தில் பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு, கம்பெனி பஸ்ஸிலோ அரசுப் பேருந்திலோ வந்து போங்கள். வேறு வழியே இல்லாத நாளில், வேலை முடிந்ததும் இருபது நிமிடம் அங்கேயே படுத்து எழுந்து, தெளிந்த பிறகு கிளம்புங்கள். அந்தத் தாமதத்துக்கு வீட்டில் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி படிப்புக்கு வருவோம். தூக்கம் குறைந்தால் படிப்பு கூடும் என்ற கணக்கு, மூளை வேலை செய்யும் விதத்துக்கே எதிரானது. பகலில் படித்தவற்றை மூளை தற்காலிகமாகத்தான் பிடித்து வைக்கிறது. அவற்றை நிலைத்த நினைவாக மாற்றும் வேலையில் பெரும்பகுதி, நாம் தூங்கும்போதுதான் நடக்கிறது. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுழற்சிகளாக வருகிறது. ஆழ்ந்த உறக்கம் முன்பாதியில் அதிகம், கனவு நிறைந்த உறக்கம் பின்பாதியில் அதிகம். நான்கு மணி நேரத்தில் எழுந்துகொள்பவர் அந்தப் பின்பாதியைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறார். படித்தது நிற்கவில்லை என்று நீங்கள் வருந்துவது உங்கள் திறமைக் குறைவால் அல்ல. எரிச்சலும் இதே காரணத்தால் வருவதுதான். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் தேவை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அதைக் குறைத்துக்கொண்டே போனால் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், உடல் பருமன் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது.

பகலில் படுத்தால் ஏன் தூக்கம் பிடிப்பதில்லை? நம் உடலுக்குள் ஏறத்தாழ 24 மணி நேரக் கடிகாரம் ஒன்று இயங்குகிறது. அதன் மூலக்கூறு இயக்கத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தக் கடிகாரத்தைத் திருத்தி வைப்பது கண்ணில் விழும் வெளிச்சம். நைட் ஷிப்ட் முடிந்து பஸ் ஜன்னலோரம் காலை வெயிலைப் பார்த்தபடி வரும்போது, ‘விடிந்துவிட்டது, விழித்துக்கொள்’ என்றுதான் மூளை புரிந்துகொள்கிறது. பஸ்ஸில் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் (வண்டி ஓட்டும்போது வேண்டாம்). வீட்டுக்கு வந்ததும் ஏதேனும் லேசாகச் சாப்பிட்டுவிட்டு, போனைத் தொடாமல் உடனே படுத்துவிடுங்கள்.

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து வருகிற பல இளைஞர்கள் சொல்வது ஒன்றுதான்: ஒன்பது மணிக்குக் கண் மூடும்; பதினொரு மணிக்கு மூன்று பேஸ் கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் போடு என்று அப்பா எழுப்புவார்; பிறகு ரேஷன் கடை, அதற்குப் பிறகு கேஸ் சிலிண்டர். இரவு முழுக்க நின்று வேலை பார்த்த பிள்ளை பகலில் தூங்குவது சோம்பல் அல்ல என்பதைப் பெற்றோர் உணர வேண்டும். இந்தப் பதிலை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். ஷீட் போட்ட அறையில் படுக்காமல், வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், ஜன்னலுக்குக் கருப்புத் துணி கட்டிப் படுங்கள். காலை எட்டு முதல் ஒரு மணி வரை ஒரு தூக்கம், மாலை ஆறு மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம் இன்னொரு தூக்கம் என்று பிரித்துத் தூங்கினாலும் பலன் உண்டு. டீயின் காபின் பாதியளவு வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், நைட் ஷிப்டில் கடைசி டீயை இரவு இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

படிப்பையும் ஷிப்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். செகண்ட் ஷிப்ட் வாரம்தான் உங்களுக்குப் பொன்னான வாரம்: இரவு வந்து படுத்து, ஏழு மணி நேரம் தூங்கி எழுந்தபின் காலையில் தெளிவான மூன்று மணி நேரம் கிடைக்கும். கடினமான பாடங்களை அந்த வாரத்துக்கு ஒதுக்குங்கள். காலை ஷிப்ட் வாரத்தில் மாலையில் படித்துவிட்டு ஒன்பது மணிக்குள் படுங்கள். நைட் ஷிப்ட் வாரத்தில் புதிதாக எதையும் படிக்காமல், மதியம் எழுந்தபின் பழையதைத் திருப்பிப் பார்த்தால் போதும். தேர்வு காலையில் நடக்கிறது. 200 வினாக்களுக்கு மூன்று மணி நேரம் மூளை விழிப்பாக இருக்க வேண்டும். அதற்கு முந்தைய வாரம் நைட் ஷிப்ட் விழாதபடி, இப்போதே சூப்பர்வைசரிடம் பேசி, நண்பருடன் மாற்றிக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்தைய இரவு விடிய விடியப் படிப்பதை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள்.

மாத்திரையைப் பொறுத்தவரை, அவற்றில் சில பழக்கமாகி, விட முடியாமல் போகும். மந்தம் மறுநாளும் தொடரும். இயந்திரத்தின் அருகே நிற்பவருக்கு அது ஆபத்து. தூக்கத்துக்காக மது அருந்தச் சொல்பவர்களின் பேச்சையும் கேட்காதீர்கள். அது கண்ணை மூட வைக்கும், ஆனால் உறக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும்.

எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், எத்தனை டீ குடித்தீர்கள் என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மேலே சொன்னவற்றைச் செய்தும் தூக்கம் சீராகவில்லை என்றாலோ, உரத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் இருப்பதாக வீட்டில் சொன்னாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் மனம் சோர்ந்தே இருந்தாலோ, கிருஷ்ணகிரி அல்லது தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அந்த நோட்டுடன் சென்று பொது மருத்துவரைப் பாருங்கள். அப்படியே ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.