கார் தானாக பிரேக் போட்டால் யாரைக் கேட்பது?

கேள்வி: பெங்களூரு ஜீவன்பீமா நகரில் இருக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் 18 லட்சம் ரூபாய் கொடுத்து அடாஸ் (ரேடார், கேமரா கொண்டு முன்னால் இருப்பதைப் பார்த்து எச்சரித்து, தானாக பிரேக் போடும் வசதி) உள்ள கார் வாங்கினேன். காலையில் கே.ஆர். புரம் பக்கம் ஆபீஸ் போகும்போது, முன்னால் ஒன்றுமே இல்லாத இடத்தில் வண்டி சடாரென்று தானாக பிரேக் போடுகிறது. இரண்டாம் தடவை அப்படி நின்றபோது பின்னால் வந்த வேன் இடித்து டிக்கி நசுங்கிவிட்டது. சர்வீஸ் சென்டரில், "ஸ்கேன் பண்ணிப் பார்த்தோம், எர்ரர் எதுவும் இல்லை சார், சிஸ்டமே அப்படித்தான்" என்கிறார்கள். இனி என்ன செய்வது?

பதில்: எர்ரர் இல்லை என்று அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதனால் வண்டியில் குறையே இல்லை என்று ஆகிவிடாது. ஒயர் அறுந்தது, சென்சார் செத்தது போன்ற கோளாறுக்குத்தான் ஸ்கேனரில் ஃபால்ட் கோட் விழும். ரேடாரும் கேமராவும் ஒழுங்காக ஓடிக்கொண்டே, கண்ணில் பட்டதைத் தப்பாகப் புரிந்துகொண்டு பிரேக்கை அழுத்தினால், கம்ப்யூட்டர் கணக்கில் அது சரியாகச் செய்த வேலை. கோளாறு என்று எதுவும் பதிவாகாது.

நீங்கள் சொல்லும் நேரமும் பாதையும் எனக்கு ஒரு சந்தேகத்தைக் கிளப்புகின்றன. கே.ஆர். புரம் போகும் ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் காலையில் கிழக்கே போனால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமராவுக்கும் அதே கதிதான். வளைவில் வரும் மெட்ரோ தூண், சாலையில் போட்டிருக்கும் இரும்புத் தகடு போன்றவையும் ரேடாரை ஏமாற்றும். ஆனால் இடது பக்கமிருந்து பைக்கில் வந்தவர் குறுக்கே புகுந்தபோது வண்டி நின்றிருந்தால் அது குறையில்லை, அதற்குத்தான் அந்தக் காசு கொடுத்தீர்கள். இரண்டையும் பிரித்துக் காட்ட முன்னும் பின்னும் டேஷ்கேம் (ரோட்டைப் படம் பிடிக்கும் சின்ன கேமரா) போடுங்கள். உங்கள் வழக்கில் அதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது.

சண்டைக்குப் போகுமுன் வண்டியை நீங்களே ஒரு சுற்று பாருங்கள். பல கார்களில் ரேடார் முன் லோகோவுக்குப் பின்னாலோ கீழ் கிரில்லிலோ ஒளிந்திருக்கும். ஆயுத பூஜைக்கு அந்த லோகோவில்தான் சந்தனமும் குங்குமமும் அப்பி, பம்பரில் வாழைக்கன்று கட்டுகிறோம். பூஜை முடிந்து வாழைக்கன்றை அவிழ்ப்போம், சந்தனம் காய்ந்துபோய் அப்படியே இருக்கும். நம்பர் பிளேட்டுக்கு வெளியில் வாங்கிய ஃபிரேம், பம்பரில் பட்டி பார்த்து அடித்த பெயின்ட், கேமராவை மறைத்து ஒட்டிய ஃபாஸ்டேக் எல்லாம் அதே ரகம். இவற்றில் ஒன்று இருந்தாலும் கம்பெனி வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். வாங்கியவர் வண்டியை மாற்றியிருந்தால் பொறுப்பு குறைகிறது என்று வாதாடச் சட்டத்திலும் இடமிருக்கிறது.

அதெல்லாம் சுத்தமாக இருந்தால் மறுபடி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். முழு விஷயமும் ஜாப் கார்டில், அதாவது உங்கள் புகாரை அவர்கள் பதியும் சீட்டில்தான் இருக்கிறது. அட்வைசர் டேப்லெட்டில் "ஜெனரல் செக்கப்" என்று தட்டிவிட்டுக் கையெழுத்து கேட்பார். போடாதீர்கள். தேதி, நேரம், இடம், எத்தனை கிலோமீட்டர் வேகம், முன்னால் வாகனம் இல்லாமல் தானாக பிரேக் பிடித்தது என்று உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும்போது "குறை காணப்படவில்லை" என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன "அப்படித்தான் சார்" எந்த நுகர்வோர் ஆணையத்திலும் செல்லாது. ரேடார், கேமரா கண்ட்ரோல் யூனிட்டுக்கு சாஃப்ட்வேர் அப்டேட் வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். அன்றே கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு ஜாப் கார்டை இணைத்து மெயில் போடுங்கள்.

"சிஸ்டமே அப்படித்தான்" என்பவர்களிடம் சொல்ல ஒன்று: காரணமில்லாமல் பிரேக் பிடித்ததற்காக அமெரிக்காவில் கார்களையே திரும்ப அழைத்திருக்கிறார்கள். 2019 இறுதியில் சுமார் 35,000 மாஸ்டா 3 கார்கள், 2021 அக்டோபரில் 11,704 டெஸ்லா கார்கள். இரண்டுமே சாஃப்ட்வேர் கோளாறு. இங்கேயும் 2021 ஏப்ரல் 1 முதல் ரீகால் விதிகள் நடைமுறையில் உள்ளன. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டியின் குறையை மத்திய அரசின் வாகன் தளத்தில் பதிவு செய்யலாம். ஒரே மாடலுக்குப் புகார்கள் சேர்ந்தால்தான் அரசு திரும்பிப் பார்க்கும் என்பதால், உங்கள் மாடல் வைத்திருக்கும் மற்றவர்களையும் பதியச் சொல்லுங்கள்.

கம்பெனி கைவிரித்தால் 1915-க்கு போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியுங்கள். பல பிரச்சினைகள் அங்கேயே பேசி முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருடச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனியின் தலைமையகத்தைத் தேடிப் போக வேண்டாம். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருள் மாவட்ட ஆணையத்தில் அடங்கும், உங்கள் 18 லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வண்டியை நிபுணரைக் கொண்டு பரிசோதிக்க உத்தரவிடும்படி மனுவிலேயே கேட்டுவிடுங்கள், ஷோரூமையும் தயாரிப்பாளரையும் சேர்த்தே எதிர்த்தரப்பாகக் காட்டுங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர்மேல் பழியைப் போட்டுத் தப்பிப்பார்.

முழுப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். குறையைச் சரிசெய்து தருவதும் நஷ்டஈடும்தான் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது. டிக்கி செலவுக்கு உங்கள் சொந்த இன்சூரன்ஸில் கிளெய்ம் செய்யலாம், நோ கிளெய்ம் போனஸ் போகும். இடைவெளி விட்டு வருவது பின்னால் வருபவர் கடமை என்றாலும், காரணமின்றி சடாரென நிறுத்தக் கூடாது என்பதும் விதிதான். வேன்காரர் அதைப் பிடித்துக்கொள்வார். அங்கேயும் டேஷ்கேம்தான் பேச வேண்டும்.

கேள்வி: ஓசூர் ரோட்டில் கல் தெறித்து முன் கண்ணாடி உடைந்தது. வெளிக்கடையில் பாதி விலையில் மாற்றினேன். அதிலிருந்து பிரேக் எச்சரிக்கை சும்மா சும்மா கத்துகிறது. கண்ணாடிக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: கேமரா அந்தக் கண்ணாடி வழியாகத்தான் ரோட்டைப் பார்க்கிறது. கண்ணாடியைக் கழற்றி மாட்டினால் கேமராவின் கோணம் இம்மியளவு மாறும். அந்த இம்மி, ஐம்பது மீட்டர் தூரத்தில் பக்கத்து லேனில் போகும் ஆட்டோவை உங்கள் லேனில் கொண்டுவந்து நிறுத்தப் போதும். காலிபரேஷன், அதாவது கேமராவின் கோணத்தைச் சரிபார்த்து அமைப்பது, செய்தே ஆக வேண்டும். சில கார்களுக்குச் சமதளத்தில் நிறுத்தி, முன்னால் அளவெடுத்து போர்டு வைத்துச் செய்வார்கள், சிலவற்றை ரோட்டில் ஓட்டியே செய்வார்கள். முடிந்ததும் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை இன்சூரன்ஸில் கண்ணாடி மாற்றினால், சர்வேயர் பார்க்கும் எஸ்டிமேட்டிலேயே காலிபரேஷன் கூலியும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சேர்க்கச் சொன்னால் இழுத்தடிப்பார்கள். அதுவரை எச்சரிக்கையின் நேரத்தை மெனுவில் "லேட்" என்று வைத்துச் சமாளிக்கலாம்.

கேள்வி: இவ்வளவு தொல்லை என்றால் அடாஸ் உள்ள டாப் வேரியன்ட் எடுக்காமலே இருந்துவிடலாமா? என் பயணம் பெரும்பாலும் அல்சூருக்கும் சிவாஜிநகருக்கும் இடையில்தான்.

பதில்: அந்த ஓட்டத்துக்கு வேண்டாம். ஊர்ந்து போகும் நெரிசலில் அடாஸ் எந்நேரமும் கத்தும், நீங்கள் ஒரு வாரத்தில் அணைத்துவிடுவீர்கள். மாதாமாதம் சேலம், கோயம்புத்தூர் என்று ராத்திரியில் ஓட்டுகிறவர் என்றால் என் பதில் வேறு. நீங்கள் ஆறு ஏர்பேக்கும், வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஈஎஸ்பியும் உள்ள வேரியன்ட்டை எடுங்கள். மிச்சப் பணத்தில் நல்ல டயரும் டேஷ்கேமும் வாங்கலாம். டெஸ்ட் டிரைவை மட்டும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், உங்கள் ரோட்டிலேயே கேளுங்கள்.